ரொட்டியைப் பங்கிட்ட கணக்கு

பண்டைய எகிப்தியர்கள் பின்னங்களை எழுதிய விதம் இன்றைய கண்ணுக்கு விசித்திரமானது. ஆனால் சம்பளத்தை ரொட்டியாகவும் தானியமாகவும் கொடுத்த ஒரு நாட்டில், அந்தக் கணக்கில்தான் பலரின் வயிறு அடங்கியிருந்தது.

ஆறு ரொட்டிகள், பத்து ஆட்கள். ஆளுக்கு எவ்வளவு? பள்ளிக்கூடம் போன எவரும் தயங்காமல் சொல்லும் பதில் 3/5. கத்தியைக் கையில் எடுத்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு ரொட்டியிலும் 3/5 பங்கை வெட்டினால் ஆறு பேருக்கு மட்டுமே முழுத் துண்டு கிடைக்கும். மிஞ்சுவது 2/5 அளவுள்ள ஆறு துண்டுகள். மற்ற நாலு பேருக்கும் அதில் ஒவ்வொன்றைக் கொடுத்துவிட்டு, பாக்கி இரண்டு துண்டுகளை நாலாக வெட்டி ஆளுக்கு ஒன்று சேர்த்துத் தர வேண்டும். கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் ஆறு பேர் கையில் ஒரே பெரிய துண்டு, நாலு பேர் கையில் இரண்டு சிறிய துண்டுகள். பசியோடு வரிசையில் நிற்பவர்களிடம் இரண்டும் சமம் என்று சொல்லி நம்பவைப்பது சுலபமல்ல.

கி.மு. 1550 வாக்கில் அஹ்மோஸ் என்ற எகிப்திய எழுத்தர் இதே கணக்குக்கு எழுதிவைத்த விடை வேறு: 1/2 + 1/10. ஐந்து ரொட்டிகளைப் பாதியாக வெட்டினால் பத்து அரைத் துண்டுகள். ஆறாவது ரொட்டியைப் பத்தாக வெட்டினால் பத்துச் சிறு துண்டுகள். எல்லோருக்கும் ஒரு பெரிய துண்டு, ஒரு சின்னத் துண்டு. சச்சரவுக்கு இடமே இல்லை.

அஹ்மோஸின் விடை ஒரு தனிமனிதரின் சாமர்த்தியம் அல்ல. எகிப்தியர்கள் எல்லாப் பின்னங்களையும் இப்படித்தான் எழுதினார்கள். மேலே 1 மட்டுமே இருக்கும் பின்னங்கள் - பாதி, மூன்றில் ஒன்று, பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று - அவர்களிடம் இருந்தன. மற்ற எந்த அளவும் இவற்றின் கூட்டல். விதிவிலக்கு 2/3. அதற்கு மட்டும் தனிக் குறியீடு இருந்தது. (3/4க்கும் மிகப் பழைய காலத்தில் ஒரு குறியீடு உண்டு.) இன்னொரு கண்டிப்பான விதி: ஒரே பின்னத்தை இரண்டு முறை எழுதக்கூடாது. 2/5 என்பது 1/5 + 1/5 ஆகாது; 1/3 + 1/15 என்றுதான் எழுத வேண்டும்.

தமிழ்க் காதுக்கு இது முற்றிலும் அந்நியமான பேச்சு அல்ல. 5/8 என்பதை 'அரையே அரைக்கால்' என்றும், 15/16 என்பதை 'முக்காலே மூணு வீசம்' என்றும் துண்டுகளைக் கூட்டிச் சொன்ன மொழி இது. ஆனால் 'மூணு வீசம்' என்று ஒரே துண்டை மூன்று முறை எண்ணும் சலுகையை எகிப்திய எழுத்தர் தனக்கு அளித்துக்கொள்ளவில்லை.

வக்கீல் வாங்கிய சுருள்

அஹ்மோஸின் கணக்குகள் உலகத்துக்குத் தெரியவந்தது தற்செயலாக. அலெக்சாண்டர் ஹென்றி ரிண்ட் என்ற ஸ்காட்லாந்து வக்கீல், உடல்நலம் தேறுவதற்காக எகிப்தின் வெப்பத்தை நாடிச் சென்றவர். 1858இல் லக்ஸர் நகரில் அவர் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். 1863இல் அவர் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுருளின் நடுப்பகுதியைச் சேர்ந்த சில துணுக்குகள் 1922இல் நியூயார்க்கில் அடையாளம் காணப்பட்டன. அவை இப்போது புரூக்லின் மியூசியத்தில் இருக்கின்றன.

சுமார் 5 மீட்டர் நீளம், 32 செ.மீ. உயரம். கறுப்பு மையில் கணக்கு, சிவப்பு மையில் தலைப்புகள். கல்லில் செதுக்கும் சித்திர எழுத்தில் இல்லாமல், அலுவலகங்களில் வேகமாக எழுதப் பயன்பட்ட ஹைராட்டிக் எழுத்தில் அமைந்தது. தான் இதை இயற்றவில்லை, சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் அமெனெம்ஹாத் மன்னரின் காலத்தில் எழுதப்பட்டதைப் படியெடுக்கிறேன் என்று அஹ்மோஸ் நேர்மையாகக் குறிப்பிட்டிருக்கிறார். 80க்கு மேற்பட்ட கணக்குகள் இதில் உள்ளன. ரொட்டி, பீர், தானியக் களஞ்சியம், நிலத்தின் பரப்பு, பிரமிடின் சரிவு என்று ஓர் அரசு ஊழியர் அன்றாடம் சந்திக்கும் விஷயங்கள்தான் பெரும்பாலும்.

பின்னத்தை எழுதும் முறை எளிமையானது. சித்திர எழுத்தில் எண்ணின் தலைமேல் ஒரு வாயின் உருவத்தை வரைவார்கள். அந்த வாய்க்கு 'பங்கு' என்று அர்த்தம். பத்தின் மேல் வாய் இருந்தால் பத்தில் ஒரு பங்கு. ஹைராட்டிக்கில் வாய் சுருங்கி ஒரு புள்ளியாகிவிட்டது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று இரண்டை எழுதும் எண்ணமே அங்கே இல்லை. 'ஐந்தில் மூன்று' என்பதை எழுத அவர்களிடம் குறியீடு கிடையாது.

இரட்டித்தால் போதும்

எகிப்திய எழுத்தருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தேவைப்படவில்லை. இரட்டிக்கத் தெரிந்தால் போதும். பாதியாக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. அஹ்மோஸின் 24ஆவது கணக்கு இதற்கு நல்ல உதாரணம். ஏதோ ஓர் அளவு. அதோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19. அந்த அளவு என்ன?

இன்றைய மாணவர் x போட்டு ஆரம்பிப்பார். அஹ்மோஸ் விடை 7 என்று வைத்துக்கொள்கிறார். 7உம் அதன் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 8. வேண்டியதோ 19. ஆக, 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வரும்? இரண்டு மடங்கு 16. அதன் கால் பங்கு 2. அரைக்கால் பங்கு 1. மூன்றையும் கூட்டினால் 19. எனவே 2 + 1/4 + 1/8 மடங்கு. இதை ஏழால் பெருக்க வேண்டும். இரட்டித்தால் 4 + 1/2 + 1/4. மறுபடி இரட்டித்தால் 9 + 1/2. ஒன்று, இரண்டு, நான்கு மடங்குகளைக் கூட்டினால் ஏழு மடங்கு: 16 + 1/2 + 1/8. தமிழில் சொன்னால் பதினாறே அரையே அரைக்கால். எங்கேயும் வாய்ப்பாடு இல்லை, பொதுப் பகுதி கண்டுபிடிக்கும் தலைவலி இல்லை.

ஆனால் தலைவலி வேறொரு மூலையில் காத்திருந்தது. 1/8ஐ இரட்டித்தால் 1/4. பிரச்சினை இல்லை. 1/7ஐ இரட்டித்தால்? 1/7 + 1/7 என்று எழுத விதி இடம் தராது. ஒற்றைப்படை எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் இந்த முட்டுச் சந்து உண்டு. அதற்காகத்தான் பாப்பிரஸின் ஆரம்பத்தில் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. 3 முதல் 101 வரையுள்ள 50 ஒற்றைப்படை எண்களுக்கும், 2ஐ அந்த எண்ணால் வகுத்தால் வரும் விடை அதில் உண்டு. சுருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது.

2/7க்கு 1/4 + 1/28. 2/35க்கு 1/30 + 1/42. 2/89க்கு 1/60 + 1/356 + 1/534 + 1/890. பட்டியலின் கடைசியான 2/101க்கு 1/101 + 1/202 + 1/303 + 1/606. எந்த விடையிலும் நாலு பின்னங்களுக்கு மேல் இல்லை. கீழ் எண் எதுவும் ஆயிரத்தைத் தொடவில்லை.

இந்த விடைகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதே வரலாற்றாசிரியர்களை நெடுங்காலமாக அலைக்கழித்துவரும் புதிர். 2/13ஐ 1/7 + 1/91 என்று இரண்டே துண்டுகளில் எழுதலாம். பட்டியலில் இருப்பதோ 1/8 + 1/52 + 1/104. 1967இல் ஒரு கம்ப்யூட்டரிடம் இந்தப் பட்டியலுக்குச் சாத்தியமான விடைகளையெல்லாம் போடச் சொன்னார்கள். அது 22,295 விடைகளைக் கொடுத்தது. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த கணித வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் கில்லிங்ஸ், எழுத்தர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். சிறிய எண்கள், குறைந்த துண்டுகள், இரட்டைப்படை எண்கள் ஆகியவற்றுக்கு அவர்கள் முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள். 2/13 விஷயத்தில் 8 என்ற எண் 7ஐ வென்றதற்குக் காரணம் இருக்கிறது. 8ஐயும் 52ஐயும் 104ஐயும் அடுத்து இரட்டிக்கும்போது பாதியாக்கினாலே போதும். 7க்கும் 91க்கும் மறுபடி பட்டியலைத் தேட வேண்டும்.

சம்பளப் பட்டியல்

எகிப்தில் அப்போது நாணயம் கிடையாது. அரண்மனையும் கோயில்களும் ஆட்களுக்குக் கொடுத்த கூலி ரொட்டி, பீர், தானியம். எல்லோருக்கும் ஒரே அளவும் கிடையாது. அஹ்மோஸின் 65ஆவது கணக்கு இதைக் காட்டுகிறது. பத்து பேருக்கு 100 ரொட்டிகள். அதில் படகோட்டி, மேஸ்திரி, வாயிற்காவலர் ஆகிய மூவருக்கும் இரட்டைப் பங்கு. மூன்று பேரையும் இருமடங்காக எண்ணினால் 13 பங்குகள். சாதாரண ஆளுக்கு 7 + 2/3 + 1/39 ரொட்டி. மேஸ்திரிக்கு 15 + 1/3 + 1/26 + 1/78.

இது வகுப்பறைப் பயிற்சி மட்டும் அல்ல. லாஹூன் என்ற இடத்திலுள்ள கோயிலின் கணக்கேடுகள் கிடைத்திருக்கின்றன. அஹ்மோஸுக்கு முந்தைய, மூல நூல் தோன்றிய காலத்தைச் சேர்ந்தவை. நாளொன்றுக்கு 70 ரொட்டிகளும் பீர் ஜாடிகளும் பதவிக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டன. ஒரு பங்கு என்பது 1 + 2/3 ரொட்டி. கோயில் நிர்வாகிக்குப் பத்துப் பங்கு, அதாவது 16 + 2/3 ரொட்டி. கடைநிலை ஊழியர்களுக்கு ஒரு பங்கே முழுதாகக் கிடையாது, அதில் ஒரு பகுதிதான். யாருக்கு எவ்வளவு என்ற சமூகப் படிநிலையே பின்னங்களாக எழுதப்பட்டிருக்கிறது. அதே லாஹூனில் 1889-90இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி நடத்திய அகழாய்வில் 2/3 முதல் 2/21 வரையிலான பட்டியலின் ஒரு துண்டும் கிடைத்தது. அஹ்மோஸின் பட்டியலோடு அது ஒத்துப்போகிறது.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. அஹ்மோஸுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து, மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் டெயிர் எல்-மதீனா கிராமத்தில் வாழ்ந்தார்கள். ஒரு தொழிலாளியின் மாதக் கூலி 4 கர் கோதுமை, ஒன்றரை கர் பார்லி. ஒரு கர் சுமார் 77 லிட்டர். மூன்றாம் ராம்சேஸின் 29ஆவது ஆட்சியாண்டில் இந்தக் கூலி தாமதமானது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, காவல் சாவடிகளைக் கடந்து போய்க் கோயில்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். பசியும் தாகமுமே தங்களை அங்கே துரத்தியதாகச் சொன்னார்கள். எழுத்து ஆதாரமுள்ள முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட சம்பவம் இது. அதைப் பதிவு செய்த பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகர மியூசியத்தில் உள்ளது.

நியாயமா, பழக்கமா?

ரொட்டியைச் சமமாக வெட்டத்தான் இந்தப் பின்னங்கள் பிறந்தன என்ற விளக்கம் கவர்ச்சியானது. ஆறு ரொட்டிக் கணக்கில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அதே சுருள் அதை முழுதாக ஒத்துக்கொள்வதில்லை. பத்து பேருக்கு எட்டு ரொட்டி என்றால் 1/2 + 1/5 + 1/10 என்று பிரிப்பதுதான் வெட்டுவதற்கு வசதி. ஐந்து ரொட்டிகள் பாதியாகும், இரண்டு ஐந்தாகும், ஒன்று பத்தாகும். அஹ்மோஸ் எழுதியதோ 2/3 + 1/10 + 1/30. எட்டு ரொட்டிகளிலிருந்து 2/3 அளவில் பத்து முழுத் துண்டுகளை வெட்டவே முடியாது. மேஸ்திரியின் ரொட்டியில் 78இல் ஒரு பங்கை எந்தக் கத்தியாலும் வெட்ட முடியாது. பங்கிடுவதில் பிறந்த முறை, நாளடைவில் கத்தியை விட்டுவிட்டுக் கணக்கேட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் இந்த முறையை மட்டமாக மதிப்பிட்டவர்களும் உண்டு. அதே காலத்தில் பாபிலோனியர்கள் 60ஐ அடிப்படையாக வைத்து, இன்றைய தசமத்தைப் போலப் பின்னங்களைச் சரளமாகக் கையாண்டார்கள். அவர்களோடு ஒப்பிட்ட ஓட்டோ நாய்கெபவர், எகிப்தியக் கணிதம் வளர்ச்சிக்கு ஒரு முட்டுக்கட்டை என்று 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தீர்ப்புச் சொன்னார். பிந்தைய ஆய்வாளர்கள் அவ்வளவு கடுமையாக இல்லை. 2016இல் எகிப்தியக் கணிதத்தின் வரலாற்றை எழுதிய அனெட் இம்ஹவுசன் போன்றவர்கள், அதை இன்றைய குறியீட்டில் மாற்றி எழுதிவிட்டு 'சுற்றி வளைக்கிறது' என்று குறை சொல்வது சரியல்ல என்கிறார்கள். எகிப்தியரின் பத்தில் ஒன்று என்பது பத்து என்ற எண்ணின் ஜோடி. இரண்டு எண்களால் ஆன ஒரு பின்னத்தை அவர்கள் உடைக்கவில்லை. உடைப்பதற்கு அப்படி ஒன்று அவர்களிடம் இருக்கவே இல்லை.

பிரபலமான வேறொரு கதையும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஹோரஸ் கடவுளின் கண்ணிலுள்ள ஆறு பாகங்களும் 1/2, 1/4, 1/8 என்று தொடங்கி 1/64 வரையிலான பின்னங்களைக் குறிக்கும் என்றும், கூட்டினால் 63/64 வரும், குறையும் 1/64ஐ தோத் கடவுள் மந்திரத்தால் நிரப்பினார் என்றும் எத்தனையோ புத்தகங்கள் சொல்கின்றன. தானியம் அளக்க இந்த ஆறு பின்னங்களும் பயன்பட்டது உண்மை. ஆனால் அவற்றின் ஹைராட்டிக் குறியீடுகள் கண்ணிலிருந்து பிறந்தவை அல்ல என்று 2002இல் ஜிம் ரிட்டர் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக வாதிட்டார். அதன் பிறகு துறை வல்லுநர்கள் அந்தக் கதையை எச்சரிக்கையோடுதான் தொடுகிறார்கள்.

ஏமாற்றம் தந்த தோல் சுருளும் ஒன்று உண்டு. ரிண்ட் வாங்கியவற்றில் அதுவும் இருந்தது. தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்ததால் 60 ஆண்டுகளுக்கு மேல் யாரும் பிரிக்கத் துணியவில்லை. 1927இல் ரசாயன முறையில் பதப்படுத்திப் பிரித்தார்கள். பாப்பிரஸின் ரகசியங்கள் அதில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. உள்ளே இருந்தவை பின்னங்களைக் கூட்டும் 26 எளிய கணக்குகள். அதுவும் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலும் யாரோ ஒரு மாணவரின் மனப்பாடப் பயிற்சி.

பாரோக்கள் போன பிறகும்

பாரோக்களின் ஆட்சி முடிந்த பிறகும் இந்தப் பின்னங்கள் மறையவில்லை. கிரேக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். வானியலில் அவை சரிப்படாது என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் தாலமி பாபிலோனிய முறைக்குத் தாவினார். ஆனாலும் எகிப்தின் அக்மிம் ஊரில் கிடைத்த, கி.பி. 6 அல்லது 7ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் பழைய முறையே இருக்கிறது. அஹ்மோஸின் காலத்திலிருந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல்.

இந்தியாவில் 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், தமது 'கணித சார சங்கிரக'த்தில் எண்களை இத்தகைய பின்னங்களாகப் பிரிக்க விதிகளைத் தந்தார். 1 = 1/2 + 1/3 + 1/6 என்பது அவரது விதியிலிருந்து கிடைக்கும் எளிய விடை. எத்தனை துண்டுகள் வேண்டுமானாலும் அந்த விதி பிரித்துத் தரும். எம். ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இந்த நூலை 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது.

ஐரோப்பாவில் 1202இல் ஃபிபொனாச்சி ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு முறையும் கழிக்க முடிந்த மிகப் பெரிய பின்னத்தைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். எந்தப் பின்னத்துக்கும் இது பலிக்கும் என்று 1880இல் ஜே.ஜே. சில்வெஸ்டர் காட்டினார். ஆனால் பேராசைக்கு விலை உண்டு. 5/121ஐ இந்த வழியில் பிரித்தால் ஐந்து துண்டுகள், கடைசித் துண்டின் கீழ் எண்ணில் 25 இலக்கங்கள். நிதானமாகத் தேடினால் 1/33 + 1/121 + 1/363 என்று மூன்றே துண்டுகளில் முடிந்துவிடும். அஹ்மோஸின் பட்டியல் பிந்தைய ரகத்தைச் சேர்ந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷ் இந்தப் பழைய விளையாட்டை நவீன ஆராய்ச்சிக்குள் இழுத்துவந்தார். 1948இல் அவரும் எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸும் எழுப்பிய கேள்வி ஒரு சிறுவனுக்கும் புரியும். 4ஐ, 2 அல்லது அதைவிடப் பெரிய எந்த முழு எண்ணால் வகுத்தாலும் விடையை மூன்று எகிப்தியப் பின்னங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 4/5க்கு முடியும்: 1/2 + 1/4 + 1/20. 1க்குப் பின் 17 சுழிகள் போட்டால் வரும் எண் வரை கம்ப்யூட்டர்கள் சரிபார்த்துவிட்டன. ஒரு இடத்திலும் தவறவில்லை. எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்ற நிரூபணம் மட்டும் யாருக்கும் அகப்படவில்லை.

ஏர்டிஷ் விட்டுச்சென்ற இன்னொரு கேள்விக்கு விடை கிடைத்தது. முழு எண்களிலிருந்து ஓரளவு அடர்த்தியாக ஒரு தொகுதியை எப்படிப் பொறுக்கினாலும், அதிலுள்ள சில எண்களின் பின்னங்களைக் கூட்டிச் சரியாக 1ஐ வரவழைக்க முடியும் என்று 2021இல் ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் புளூம் நிரூபித்தார். அடுத்த ஆண்டே அவரும் பாவிக் மேத்தாவும் அந்த நிரூபணத்தின் ஒவ்வொரு வரியையும் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் விதத்தில் எழுதிக் காட்டினார்கள்.

அஹ்மோஸுக்கு இதில் அவ்வளவு வியப்பு இருந்திருக்காது. அவரும் பல கணக்குகளில் விடையை எழுதியதும் நிறுத்திவிடவில்லை. துண்டுகளையெல்லாம் மறுபடி கூட்டி, கொடுத்த ரொட்டிகளின் எண்ணிக்கை திரும்ப வருகிறதா என்று பார்த்தார். வரிசையில் நின்றவர்களில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டியிருந்தது.